தண்ணி இல்லாத வீடு

மலையாளப் பத்திரிகையில் இறந்துபோனவர்களின் படம் போடுகிற பக்கத்தில் தாணுமாலையன் அண்ணாச்சியைப் பார்த்ததும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "சாலை தாணுமாலையன் (74), ரியல் எஸ்டேட்" என்று போட்டிருந்தார்கள். ரியல் எஸ்டேட்டாம்! அந்த மனுஷன் தன் ஆயுசில் ஒரு சென்ட் நிலம் விற்றதில்லை. வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுப்பார், அவ்வளவுதான். வீட்டு புரோக்கர் என்று போட்டால் என்ன குறைந்துபோகும்? படமும் பழையது. மீசை கன்னங்கரேலென்று இருந்தது. அவர் மனைவி மாடம்மாள் மதினிக்கு இதெல்லாம் தெரியாது, பாவம். யாரோ மருமகன் பார்த்த வேலை.

நான் லீலாபாய். டெலிபோன் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் இருந்தேன். அதனால் எனக்குப் பேச்சு கொஞ்சம் அதிகம். கோபம் அதைவிட அதிகம் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். கரமனைப் பாலம் தாண்டி ஒரு சந்தில் எனக்கு மாடி வைத்த வீடு இருக்கிறது. அதை விற்றுவிட்டுப் பெங்களூரில் மகன் வீட்டில் போய் ஒண்டிக்கொள்ளாமல், இன்றைக்கும் நான் என் அடுக்களையில் நின்று காப்பி போட்டுக் குடிக்கிறேன் என்றால் அதற்கு அண்ணாச்சிதான் காரணம். போன வருஷம் அஞ்சு மாசம் மாடி காலியாகக் கிடந்து, வீடு கையை விட்டுப் போகப் பார்த்ததே, அதற்கும் அவர்தான் காரணம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மனுஷன் யாரென்று தெரியும்.

அவருக்கு ஊர் சுசீந்திரம் பக்கம் தேரூர். பதினாறு வயதில் சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மொத்தக் கடைக்கு வேலைக்கு வந்தார். சைக்கிளில் அரிசி கொண்டுபோய் வீடுகளில் போட வேண்டும். மாசம் முப்பது கிலோ வாங்குகிற வீட்டில் இருபது போதும் என்று சொன்னால், மூத்த மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், ஒரு அறை காலி என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் புரோக்கர் ஆனார். யாரும் அவரிடம் வீடு காலி என்று வந்து சொல்ல வேண்டியதில்லை, அரிசி சொல்லிவிடும்.

அவருக்கு இரண்டு பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி, "கொஞ்சம் உப்பு உண்டு" என்பார். பிடித்துப்போனால், "இது பருப்பு வேகுற தண்ணியாக்கும்" என்பார். வீட்டைப் பற்றி அதற்கு மேல் அவரிடம் ஒரு சர்டிபிகேட் கிடையாது.

இன்னொன்று பால் காய்ச்சு. புது வீட்டில் முதல்முதலாக அடுப்பு மூட்டிப் பால் பொங்க விடுவது இந்த ஊரில் எல்லா மதத்துக்காரர்களுக்கும் உண்டு. அதற்கென்றே அண்ணாச்சியின் துணிப்பையில் ஒரு சின்னப் பித்தளைச் சருவம் எப்போதும் இருக்கும். பெரிய பாத்திரமானால் பொங்க நேரமாகும், சின்னதானால் சட்டென்று பொங்கும், ஆட்கள் சிரிப்பார்கள் என்பது அவர் கணக்கு. பால் பொங்கி வழிந்த பிறகுதான் சாவியைக் கையில் தருவார். "மூணு சாமியும் எனக்க சருவத்துலதான் பால் குடிக்கு" என்று பெருமையடித்துக்கொள்வார்.

எண்பத்தேழில் நாங்கள் கருங்கலிலிருந்து இங்கே வந்தோம். என் வீட்டுக்காரர் ஞானதாசுக்கு அதே சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடையில் வேலை. எனக்கு டெலிபோன் ஆபீசில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. லாட்ஜ் அறையில் ஒரு கட்டில், ஒரு பக்கெட், ஒரு ஸ்டவ். எனக்கு அப்போது ஏழு மாசம். பிள்ளை பிறப்பதற்குள் ஒரு வீடு வேண்டும். இரும்புக் கடை முதலாளிதான் தாணுமாலையன் அண்ணாச்சியைக் காட்டினார். ஒல்லியாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடியே எங்களோடு நடந்தார். நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததால் அவர் ஒரு நாளும் சைக்கிளில் ஏறவில்லை.

முதல் வீடு வலியசாலை அக்கிரகாரத்தில். பின்பக்கம் தனி வழி, ஒரு அறை, ஒரு அடுக்களை, துணி காயப்போட ஒரு முற்றம். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. தொட்டில் எங்கே கட்டுவது என்றுகூட மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். எங்களைப் பின்வாசலில் நிறுத்திவிட்டு அண்ணாச்சி முன்பக்கமாக உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வேண்டாம் பிள்ளே. இங்க தண்ணி செரியில்ல. கெணறு வத்திப் போச்சு. பைப்புல வாரது மஞ்சளா வருது. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு செரிப்படாது."

இரண்டாவது வீட்டிலும் தண்ணீர் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. ஐந்தாவது வீட்டிலிருந்து திரும்பும்போது ஞானதாஸ், "அண்ணாச்சி, வருஷத்துல எட்டு மாசம் மழை பெய்யுத ஊரு. இங்க கெணறெல்லாம் எப்படி வத்துது?" என்று கேட்டார். அண்ணாச்சி சைக்கிள் செயினைக் குனிந்து பார்த்தார். செயின் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஆறாவது வீடு மணக்காட்டில் ஐசா உம்மாவின் வீடு. அங்கே அவர் தண்ணீர் கேட்டு வாங்கி இரண்டு டம்ளர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இங்க தண்ணி உண்டு பிள்ளே" என்றார். மறுநாள் காலையில் சருவத்தில் பால் பொங்கியது. ஞானதாஸ் ஜெபம் பண்ணினார். ஐசா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று, "மோளே, பாலு கிழக்கோட்டுத்தான் பொங்கியோ?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உள்ளே வந்தார்.

அந்த வீட்டில்தான் என் மகன் பிரஜின் பிறந்தான். என் அம்மா ஊரிலிருந்து வரமுடியாத நாட்களில் அவனைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது ஐசா உம்மா. நோன்பு மாசம் முழுக்க எங்களுக்கும் கஞ்சி வரும். ஐந்து வருஷம் அங்கே இருந்தோம். என் ஆயுசில் நான் அதிகமாகச் சிரித்தது அந்த ஐந்து வருஷத்தில்தான். இப்போதும் எங்காவது நோன்புக் கஞ்சி மணம் வந்தால் எனக்கு அந்த அடுக்களை ஜன்னல் ஞாபகம் வந்துவிடும்.

மணக்காட்டுக்கு வந்த அடுத்த வருஷம் நவராத்திரிக்கு என்னோடு வேலை பார்த்த ஸ்ரீலட்சுமி அவள் வீட்டுக் கொலுவுக்குக் கூப்பிட்டாள். கைப்பிள்ளையோடு போனேன். வலியசாலை. தெருவுக்குள் நுழைந்ததுமே எனக்கு என்னவோ போல இருந்தது. வீட்டை நெருங்கியதும் தெரிந்துவிட்டது. அதே வீடு. நான் தொட்டில் கட்டின வீடு.

ஸ்ரீலட்சுமியின் அம்மா பார்வதியம்மாள் வாசலுக்கே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். "வா கொழந்தே, உள்ள வா. ஏண்டி லட்சுமி, இவ்ளோ சின்னப் பிள்ளையத் தூக்கிண்டு வந்திருக்கா, ஒரு ஆட்டோ பிடிச்சுக் குடுக்கப்படாதோ?" என்று மகளைத் திட்டினார். என்னைக் கொலுவுக்கு முன்னால் உட்காரவைத்துச் சுண்டல் தந்தார். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா?

"மாமி, இந்த வீட்டுல தண்ணிக்குக் கஷ்டமா?"

"தண்ணிக்கா? நம்மாத்துலயா? நன்னாக் கேட்டே போ! இப்படி வந்து பாரு."

கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனார். குனிந்தால் கை எட்டும் உயரத்தில் தண்ணீர். மேலே ஒரு செம்பருத்திப் பூ மிதந்துகொண்டிருந்தது. பின்பகுதியில் அவர்கள் சொந்தக்காரர் யாரோ குடியிருந்தார்கள். முற்றத்தில் நான் துணி காயப்போட நினைத்த கொடியில் வேறு யாருடைய துணியோ காய்ந்தது. ஐந்து வீட்டுக் கிணறும் வற்றியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது.

கிளம்பும்போது மாமி குங்குமத்தை நீட்டினார். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "நீ இட்டுக்க மாட்டியோ? சரி, மஞ்சளாவது எடுத்துக்கோ, கொழம்புக்கு ஆகும்" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. உள்ளொன்று வைத்த சிரிப்பு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

மறுநாள் ஆபீஸ் முடிந்து நேராகச் சாலைக்குப் போனேன். கடைத்தெரு முனையில் ஒரு டீக்கடை பெஞ்சு, அதுதான் அண்ணாச்சியின் ஆபீஸ்.

"வலியசாலைக் கெணத்துல தண்ணி உண்டுல்லா அண்ணாச்சி?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பாத்தாச்சா?"

"என்னத்துக்குப் பொய் சொன்னிய? வேதக்காரிக்கு வீடு தரமாட்டோம்னு அவங்க சொன்னா, அத எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்களும் அப்படிச் சொல்லல பிள்ளே. 'எனக்கொண்ணும் இல்லை, ஆத்துல பெரியவாளுக்குத்தான்' அப்படின்னாங்க. எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. மணக்காட்டுல போனாலும் அதத்தான் சொல்லுவாங்க, ஒங்க ஆளுகள்ட்ட போனாலும் அதத்தான் சொல்லுவாங்க. யாருக்கும் ஒண்ணும் இல்லை, வீட்டுல இன்னொருத்தருக்குத்தான். அத நான் வயித்துப்பிள்ளைக்காரி மொகத்துக்கு நேரா வந்து சொல்லணுமா? பொறவு அந்தத் தெருவுல நீங்க எப்படி நடப்பிய? தண்ணி இல்லேன்னா கொறை வீட்டு மேல. ஆளு மேல இல்லல்லா?"

"அங்கேயே நின்னு நாலு வார்த்தை கேட்டிருக்கணும். நீங்க ஒரு பயந்தாங்கொள்ளி!" என்று கத்தினேன். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் டீக்கடைக்காரரிடம், "இந்தப் பிள்ளைக்கு ஒரு டீ குடுங்க, சீனி கூட்டி" என்றார். கோபத்தோடுதான் குடித்தேன், ஆனாலும் குடித்தேன்.

அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் வீட்டில் பழகிப்போனது. யாராவது முகம் கொடுத்துப் பேசாவிட்டால் ஞானதாஸ், "விடு, அங்க தண்ணி இல்ல" என்பார். ஸ்ரீலட்சுமியோடு சிநேகமும் விடவில்லை, ஒவ்வொரு நவராத்திரிக்கும் போனேன். அண்ணாச்சி கிறிஸ்துமஸுக்கு மாடம்மாள் மதினியோடு வந்து கேக்கை இரண்டு துண்டு பொதிந்து வாங்கிப் போவார். ஐசா உம்மா இறந்தபோது நானும் ஞானதாசும் அண்ணாச்சியும் ஒரே ஆட்டோவில் போனோம். அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன், எனக்குத்தான் அதன் கிணறு தெரியுமே. ஆனால் இப்போது போனில் வீடு தேடுகிறார்கள். இன்ன ஆட்களுக்கு மட்டும் என்று பச்சையாகவே போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு மனுஷனுக்காவது நாக்கு கூசியது. அந்தக் கூச்சத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

இரண்டாயிரத்து மூன்றில் நாங்கள் கரமனையில் வீடு கட்டினோம். கிணறு தோண்டினபோது பதினெட்டடியில் ஊற்று வந்தது. மே மாசத்திலும் வற்றாத கிணறு. அண்ணாச்சி முதல் டம்ளரைக் குடித்துவிட்டுக் கண்ணைத் திறக்கவே இல்லை. "பருப்பு இல்ல பிள்ளே, இதுல கல்லும் வேகும்" என்றார். பிற்பாடு கட்டின மாடியில் ஒரு பேங்க்காரக் குடும்பம் பதினாலு வருஷம் இருந்தது.

ஞானதாஸ் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. போன வருஷம் ஜனவரியில் பேங்க்காரர்களும் ஊர் மாறிப் போனார்கள். அதே மாசம் நான் ஒரு நாள் காலையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் ஒன்றரை மணி நேரம் கிடந்தேன். கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. பால்காரர் வந்து பார்த்தார். விஷயம் தெரிந்ததும் பிரஜின் பெங்களூரிலிருந்து பறந்து வந்தான்.

"அம்மா, தனியா இருக்க விடமாட்டேன். ஜூன் முடியறதுக்குள்ள மேல ஒரு குடும்பம் வரணும். இல்லேன்னா வீட்டை வித்துட்டு எங்கூட வந்துரணும்."

ஏழாவது மாடியில் எனக்கு ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஏழாவது மாடி. கிணறு இல்லை, வாழை இல்லை, சர்ச்சுக்குப் போனால் ஒரு முகம் தெரியாது. நான் அங்கே போனால் ஆறு மாசம் தாங்கமாட்டேன் என்று எனக்கே தெரியும். அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன்.

வந்தார். இப்போது சைக்கிள் இல்லை, குடையை ஊன்றிக்கொண்டு நடை. மாடியைச் சுற்றிப் பார்த்தார். நான் வழக்கம்போல டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டார். அப்போது நான் சொன்னேன். என் வாயாலேதான் சொன்னேன்.

"அண்ணாச்சி, பள்ளிவாசல் ஆளு மட்டும் வேண்டாம், கேட்டியளா. எனக்கொண்ணும் இல்ல. பிரஜினுக்குத்தான். காலம் ஒரு மாதிரின்னு சொல்லுதான்."

அவர் டம்ளரைச் சுவர் மேல் வைத்தார். "சரி பிள்ளே" என்றார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. வயசாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று செடிக்கு ஊற்றினேன்.

பிப்ரவரி போனது, மார்ச் போனது. ஒரு ஆள் வரவில்லை. நான் போன் பண்ணினால், "பாக்குதேன் பிள்ளே" என்பார். இரண்டு தடவை வீட்டுப் பக்கம் வந்தார். தண்ணீர் கொடுத்தால், "இப்பதான் குடிச்சேன்" என்றார். சுகர் வந்து டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மே கடைசியில் பிரஜின் வீட்டுக்கு விலை கேட்க ஆரம்பித்துவிட்டான். யாரோ இரண்டு பேர் வந்து என் வாழைக் கன்றுகளை மிதித்துக்கொண்டு டேப் பிடித்து அளந்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் சுகர் பார்ப்பதற்காகக் கிள்ளிப்பாலத்தில் ஒரு லேபுக்குப் போனேன். ரத்தம் எடுத்தது ஒரு சின்னப் பெண். தலையில் துணி சுற்றியிருந்தாள். சட்டையில் ஷாமிலா என்று பேர் குத்தியிருந்தது. என் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. தக்கலைக்காரியாம்.

"அம்மா வீடு எங்க?"

"கரமனைப் பாலம் தாண்டி, மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து."

"அய்யோ, அந்தச் சந்துல ஒரு மாடி வீடு பாக்க நாங்க வந்தோம்மா. பச்சை கேட்டு. எங்க உம்மாவுக்கு வெளிய நின்னு பாத்தே பிடிச்சுப் போச்சு. உம்மாவுக்குக் கிட்னி செரியில்ல, வாரத்துக்கு ரெண்டு தடவை ஊர்ல இருந்து பஸ்ல வந்து டயாலிசிஸ் பண்ணிட்டுப் போறாங்க. அந்த வீடு கெடைச்சா எங்கூடவே வச்சுக்கலாம்னு பாத்தேன். புரோக்கர் மாமாதான் வேண்டாம்னுட்டாரு. அங்க தண்ணி இல்லையாம். கெணறு வத்திப் போச்சாம். பைப்புல வாரதும் மஞ்சளா வருதாம்."

ஊசி என் கையில் இருந்தது. வலி ஊசியில் இல்லை. அந்தச் சந்தில் பச்சை கேட்டு ஒன்றுதான் உண்டு. அதற்குப் பெயின்ட் அடித்தது ஞானதாஸ்.

"ஏம்மா, உங்க வீட்டுலயும் தண்ணிக்குக் கஷ்டம்தானா?" என்று அவள் கேட்டாள். நான் பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ரிசல்ட் வாங்கக்கூட நிற்கவில்லை.

ஆட்டோ பிடித்துச் சாலைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அவரைத் திட்ட வார்த்தை அடுக்கிக்கொண்டேதான் போனேன். என் வீட்டைப் பார்த்துத் தண்ணி இல்லை என்று சொல்ல இவருக்கு என்ன தைரியம்! பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்ததும் அடுக்கின வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"எனக்க கெணத்துல தண்ணி இல்லேன்னு எத்தன பேர்ட்டச் சொன்னிய?"

"நாலு."

"நாலும் பள்ளிவாசல் ஆளுகளா?"

"இல்ல. மொதல்ல வந்தது லேபுல வேலை பாக்குத ஒரு பிள்ளையும் அவளுக்க உம்மாவும். பொறவு ஒரு வாத்தியார் வந்தாரு, நம்ம நாஞ்சில்நாட்டு ஆளு. ஒங்க சர்ச் ஆளுக ரெண்டு பேரு கேட்டாங்க."

"அவங்களையாவது கொண்டுவந்திருக்கலாம்லா? வீடு போகப் போகுதே அண்ணாச்சி!"

அவர் என்னைப் பார்த்தார். "ஒருத்தருக்கு வத்துன கெணறு இன்னொருத்தருக்கு எப்படிப் பிள்ளே ஊறும்? அந்தப் பிள்ளை நாளைக்கு அந்த வழியாப் போறா. மேல வேற ஆளு குடியிருக்கத பாக்கா. அப்ப என்ன நெனைப்பா? கொறை வீட்டுக்கு இல்ல, எனக்குத்தான்னு நெனைக்க மாட்டாளா? ஒரு தடவை தண்ணி இல்லேன்னு சொன்ன வீட்டுக்கு நான் பொறவு ஒரு ஆளையும் கொண்டுபோனதில்ல. அங்க ஒரு வாய் தண்ணியும் குடிக்கமாட்டேன்."

"வலியசாலை வீடு?"

"ஒங்களுக்கு வத்துன அஞ்சு வீட்டுக்கும் போகல."

எண்பத்தேழிலிருந்து கணக்குப் பார்த்தேன். முப்பத்தேழு வருஷம். வலியசாலை மாதிரித் தெருவில் ஒரு வீடு என்றால் எந்தப் புரோக்கரும் ஓடுவான். இவர் அந்த வாசலையே மிதிக்காமல், சாலைக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் ஒற்றை அறையில் மதினியோடு காலம் தள்ளியிருக்கிறார். இதே பெஞ்சுக்கு முன்னால் நின்று நான் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று கத்தியிருக்கிறேன். டீ வாங்கித் தந்தாரே ஒழிய, இதை ஒரு நாள் சொன்னதில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? நீயுமா லீலாபாய்னு காறித் துப்பியிருக்கலாம்லா?"

"ஒங்க மொகத்தையும் பாக்கணும்லா பிள்ளே" என்றார். "அந்தப் பிள்ளைக்க மொகம் மட்டுந்தான் மொகமா?"

நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். அறுபது வயது தாண்டியவள் அழுதால் பார்க்க நன்றாகவா இருக்கும்? அவர் டீக்கடைக்காரரிடம், "இந்தப் பிள்ளைக்கு ஒரு டீ. சீனி வேண்டாம், இப்ப சுகரு" என்றார்.

"அந்தப் பிள்ளைய நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றேன்.

"பிரஜின்?"

"வீடு எனக்க வீடு. கெணறு எனக்க கெணறு."

அன்று சாயங்காலம் பிரஜினைப் போனில் பிடித்தேன். "உன்னைக் காலில போட்டு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினது யாருன்னு தெரியுமாடா?" என்று கேட்டேன். "அம்மச்சியா?" என்றான். ஐசா உம்மாவின் பேர்கூட அவனுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அவனை என்ன சொல்ல? நான்தான் அந்த வீட்டை அவனுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். கடைசியில் அவன், "சரிம்மா, உன் இஷ்டம்" என்றான். முழு மனசாகச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. டேப் பிடித்தவர்கள் அப்புறம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை காலையில் பால் காய்ச்சு. ஷாமிலா கேட்டைத் திறந்து என்னைப் பார்த்ததும், "அய்யோ, நீங்களா! உங்க வீடா இது?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் உம்மா மெல்லிய உடம்பு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

அண்ணாச்சி அவசரமாக, "மோட்டார் ரிப்பேரு மோளே. இப்ப பாத்தாச்சு, தண்ணி வருது" என்றார். அந்த வயசிலும் பொய்யை எத்தனை அழகாகச் சொன்னார்!

எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல பிள்ளே. கெணத்துல எப்பவும் தண்ணி உண்டு. நான்தான் ஒங்க ஆளுகளுக்கு வேண்டாம்னு சொல்லியிருந்தேன். இவரு எனக்க மானத்துக்காகப் பொய் சொன்னாரு" என்றேன். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஷாமிலா தரையைப் பார்த்தாள். திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் உம்மா மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "நிக்க வைக்காண்டாம் தாயே, எனக்குக் கால் கடுக்குது. அடுப்பு எங்க?" என்றார்.

சருவத்தில் பால் வைத்தோம். சின்னச் சருவம், சட்டென்று பொங்கியது. "கிழக்கோட்டுத்தான்" என்று நான்தான் முதலில் கத்தினேன். ஷாமிலா சிரித்துவிட்டாள். அண்ணாச்சி மடியிலிருந்து சாவியை எடுத்து அவள் உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, படியில் போய் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"லீலா பிள்ளே," என்றார். "தொண்டை காயுது. ஒரு டம்ளர் தண்ணி தா."

நானே கிணற்றடிக்குப் போய் இறைத்தேன். அவர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார், அதையும் குடித்தார்.